தெரியாத உப்பு தெரியாததாகவே இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மேல்நிலை வகுப்புகளின் செய்முறைத் தேர்வு நெருங்கும்போதெல்லாம் வேதியியல் ஆய்வகங்களில் நடந்துவரும் ஒரு வழக்கத்தைப் பற்றி, அந்த ஆய்வகங்களிலேயே முப்பத்திரண்டு ஆண்டுகள் பணிசெய்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் தங்கள் நாளிதழின் வழியே சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன். பாடநூல் கனிம உப்புப் பகுப்பாய்வு என்றும், மாணவர்கள் வெறுமனே ‘சால்ட்’ என்றும் குறிப்பிடும் செய்முறை அது. மாணவரிடம் இரண்டு சிட்டிகைப் பொடி தரப்படுகிறது. அதில் உள்ள அமில உறுப்பு (நைட்ரேட், சல்பேட் போன்றது) எது, கார உறுப்பு (ஈயம், இரும்பு போன்றது) எது என்பதை வேதிவினைகளைக் கொண்டே அவர் கண்டறிந்து எழுத வேண்டும். ஆனால் நான் பணியாற்றிய, புறத்தேர்வாளராகச் சென்றுவந்த பள்ளிகள் பலவற்றில், அந்தப் பொடி இன்னது என்பது மாணவருக்குத் தேர்வறைக்குள் நுழைவதற்கு முன்பே தெரிந்திருந்தது. எந்த எண் ஒட்டிய குப்பியில் எந்த உப்பு இருக்கிறது என்பது முதல் நாள் மாலையே கைமாறிவிடுகிறது. அதற்குரிய சோதனை, காண்பன, அறிவன ஆகிய மூன்று பத்திகளும் மனப்பாடமாக வந்துவிடுகின்றன. மறுநாள் ஆய்வகத்தில் சோதனைக் குழாய்கள் கழுவப்படும் ஓசை கேட்கிறதே தவிர, அங்கே எவரும் எதையும் சோதிப்பதில்லை.

ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன்பு நான் புறத்தேர்வாளராகச் சென்றிருந்த ஒரு பள்ளியில், நான்காம் எண் குப்பியில் வழக்கமாக இருந்தது ஈய நைட்ரேட். அது தீர்ந்துவிட்டதால், தேர்வு நாள் காலையில் ஆய்வக உதவியாளர் அந்தக் குப்பியில் பேரியம் நைட்ரேட்டை நிரப்பி, அதை எங்களிடம் முறையாகத் தெரிவித்தும் விட்டார். மாணவர்களுக்கு அது தெரியாது. அன்று அந்த உப்பைப் பெற்ற பன்னிரண்டு பேரில் பதினொருவர் ஈய நைட்ரேட் என்றே எழுதியிருந்தார்கள். பொட்டாசியம் அயோடைடு சேர்த்ததும் மஞ்சள் வீழ்படிவு (கரையாமல் பிரிந்து படியும் திடப்பொருள்) தோன்றியது, அது வெந்நீரில் கரைந்து, குளிர்ந்ததும் பொன்னிறத் தகடுகளாக மின்னியது என்று பதினொரு தாள்களிலும் ஏறக்குறைய ஒரே சொற்களில் இருந்தது. பேரியம் உப்பின் கரைசலில் பொட்டாசியம் அயோடைடைச் சேர்த்தால் எதுவுமே நிகழாது என்பதை வேதியியல் படித்தவர்கள் அறிவார்கள். அந்தப் பிள்ளைகள் காணாத பொற்றகடுகளைக் கண்டதாக எழுதினார்கள். ஏமாற்ற வேண்டும் என்ற எண்ணம் அவர்களுக்கு இருந்ததாக நான் இன்றும் நம்பவில்லை. தாளில் எழுதவேண்டியது குழாயில் தெரிவது அன்று, புத்தகத்தில் இருப்பதுதான் என்று இரண்டு ஆண்டுகளாக நாங்கள் அவர்களுக்குக் கற்பித்திருந்தோம்.

பன்னிரண்டாமவர் ஒரு மாணவி. அவரும் முதலில் ஈயம் என்று எழுதி, பிறகு அடித்திருந்தார். பொட்டாசியம் குரோமேட் சேர்த்தபோது அவருக்கும் மஞ்சள் வீழ்படிவு வந்திருக்கிறது. ஈயமும் பேரியமும் இரண்டுமே குரோமேட்டுடன் மஞ்சள் வீழ்படிவு தருபவை என்பதால், அந்த ஒரு சோதனையோடு நிறுத்தியவர்களுக்கு ஈயம் உறுதியாகிவிட்டதைப் போன்ற மயக்கம் ஏற்பட்டிருக்கும். இவர் நிறுத்தவில்லை. அயோடைடுடன் வீழ்படிவு இல்லை என்று எழுதினார். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்துடன் வரவேண்டிய வெண்வீழ்படிவும் வரவில்லை என்று எழுதினார். குரோமேட்டுடன் வந்த மஞ்சள் வீழ்படிவில் சோடியம் ஹைட்ராக்சைடைச் சேர்த்துப் பார்த்து, அது கரையவில்லை என்று எழுதினார். ஈயக் குரோமேட்டாக இருந்தால் அது கரைந்திருக்கும். கடைசியாகச் சுடர் சோதனையில் பச்சை நிறம் கண்டதைக் குறித்துவிட்டு, பேரியம் என்று முடித்திருந்தார். அந்தத் தாளில் நான்கைந்து இடங்களில் அடித்தல் திருத்தல்கள் இருந்தன, ஒழுங்காக வரையப்பட்ட அட்டவணையும் இல்லை. மற்றப் பதினொரு தாள்களும் பார்ப்பதற்கு அவ்வளவு அழகாக இருந்தன. செய்முறைக்கு என்று ஒதுக்கப்பட்ட மதிப்பெண்களை அந்தப் பதினொருவருக்கும் எப்படிக் குறைப்பது, எல்லோரும் நன்றாகத்தானே எழுதியிருக்கிறார்கள் என்று உடனிருந்த அகத்தேர்வாளர் வருந்திக் கேட்டார். அவருடைய வருத்தத்திலும் நியாயம் இருந்தது. குப்பியை மாற்றியதில் பிள்ளைகளின் குற்றம் எதுவும் இல்லை. அன்று நாங்கள் என்ன முடிவு செய்தோம் என்பதை இங்கே எழுதுவது முறையன்று. ஆனால் அந்த ஒரு தாளை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

இந்தப் பகுப்பாய்வு முறை வெறும் பள்ளிக்கூடச் சடங்கு என்று நினைப்பவர்களுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். கல்கத்தா மாநிலக் கல்லூரியில் வேதியியல் கற்பித்துவந்த பிரபுல்ல சந்திர ராய், குளிர்ந்த நிலையில் நீர்த்த நைட்ரிக் அமிலத்தை மிகுதியான பாதரசத்தின்மீது வினைபுரியவிட்டபோது, அடியில் மஞ்சள் நிறப் படிகங்கள் படிவதைக் கண்டார். அது ஏதோ ஒரு காரத்தன்மை கொண்ட உப்பு என்றே முதலில் அவருக்குத் தோன்றியது. ஆனால் அத்தனை அமிலம் இருக்கும் கரைசலில் அப்படியோர் உப்பு உண்டாவது வழக்கத்துக்கு மாறானது என்ற ஐயம் உடனே எழுந்தது. அந்த ஐயத்தோடு அவர் செய்தது, நம் மாணவர்கள் செய்யவேண்டிய அதே வேலைதான். படிகங்களைச் சோதித்து, கார உறுப்பு மெர்க்குரஸ் (பாதரசத்தின் ஒரு வடிவம்) என்றும், அமில உறுப்பு நைட்ரைட் என்றும் கண்டார். நிலையற்றது என்று கருதப்பட்டுவந்த மெர்க்குரஸ் நைட்ரைட்டை நிலையான படிகமாகப் பெற்ற செய்தியை 1896இல் அவர் வெளியிட்டார். இந்திய வேதியியல் ஆராய்ச்சியின் தொடக்க நிகழ்ச்சிகளில் ஒன்றாக அது இன்றும் பேசப்படுகிறது. மஞ்சள் படிகத்தைக் கண்டதும் நினைவிலிருந்த பெயரை எழுதிவிட்டுப் போயிருந்தால் அந்தக் கண்டுபிடிப்பே இல்லை.

மனப்பாடத்தின் தீங்கு, விடையை முன்கூட்டியே அறிவதோடு நிற்பதில்லை. செய்முறையின் ஒவ்வொரு படியும் ஏன் அந்த வரிசையில் இருக்கிறது என்ற கேள்வியையே அது எழவிடாமல் செய்துவிடுகிறது. கார உறுப்புகளைத் தொகுதி தொகுதியாக வீழ்படியச் செய்து பிரிப்பதே இந்த முறை. அதில் இரும்பும் அலுமினியமும் அடங்கிய மூன்றாம் தொகுதிக்கான சோதனையில், கரைசலுடன் முதலில் அமோனியம் குளோரைடையும் பிறகு அமோனியம் ஹைட்ராக்சைடையும் சேர்க்க வேண்டும் என்பதை ஒவ்வொரு மாணவரும் தூக்கத்திலும் சொல்வார். வீழ்படிவைத் தருவது ஹைட்ராக்சைடுதானே, குளோரைடு எதற்கு என்று வாய்மொழித் தேர்வில் நான் கேட்டபோதெல்லாம் பெரும்பாலும் அமைதியே பதிலாகக் கிடைத்தது. உப்புப் பகுப்பாய்வின் மொத்த அறிவும் அந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது என்று நான் கருதுகிறேன். அமோனியம் ஹைட்ராக்சைடு வீரியம் குறைந்த காரம். அதனோடு அமோனியம் அயனிகளை மிகுதியாகச் சேர்த்தால், பொது அயனி விளைவினால் அது மேலும் குறைவாகவே பிரிகையடைகிறது, கரைசலில் ஹைட்ராக்சைடு அயனிகளின் செறிவு மிகவும் தாழ்ந்துவிடுகிறது. ஃபெர்ரிக் ஹைட்ராக்சைடின் (இரும்பின் ஹைட்ராக்சைடு) கரைதிறன் பெருக்கம், அதாவது ஒரு பொருள் நீரில் எந்த அளவுக்குக் கரையும் என்பதைக் காட்டும் எண், சுமார் 10இன் அடுக்கு −38 என்ற அளவுக்குச் சிறியது என்பதால், அவ்வளவு குறைந்த செறிவும் இரும்பை வீழ்படியச் செய்யப் போதுமானது. அலுமினியத்துக்கும் அவ்வாறே. மக்னீசியம் ஹைட்ராக்சைடின் கரைதிறன் பெருக்கமோ சுமார் 10இன் அடுக்கு −11. ஆகவே அது அசையாமல் கரைசலிலேயே தங்கி, கடைசித் தொகுதிக்காகக் காத்திருக்கிறது. இரண்டாம் தொகுதியில் ஹைட்ரஜன் சல்பைடை அமிலக் கரைசலில் செலுத்துவதற்கும், நான்காம் தொகுதியில் அதே வாயுவை அமோனியா கலந்த கரைசலில் செலுத்துவதற்கும் காரணம் இதே தருக்கம்தான். அமிலத்தில் சல்பைடு அயனி அரிதாகிறது, தாமிரத்துக்கு அந்த அரிய அளவே போதும், துத்தநாகத்துக்குப் போதாது. ஒரு வாசலில் எவரை உள்ளே விடுவது, எவரை நிறுத்திவைப்பது என்று முடிவுசெய்யும் நுட்பத்தைப் போன்றது இந்தத் தொகுதிப் பிரிப்பு. கரைதிறன் பெருக்கத்தை எழுத்துத் தேர்வுக்காக ஒரு பாடமாகவும், தொகுதிப் பிரிப்பை ஆய்வகத்தில் ஒரு மந்திரமாகவும் தனித்தனியே வைத்துவிட்டு, இரண்டும் ஒன்றே என்பதைச் சொல்லாமல் விடுவது மாணவர்களுக்கு இழைக்கும் அநீதி.

என் சொந்த அனுபவத்தில் எனக்குப் பாடம் கற்பித்தது தண்ணீர். நான் முதலில் பணியாற்றிய பள்ளி இராமநாதபுரம் மாவட்டத்தில் கடலோரத்தை ஒட்டி இருந்தது. வாலைவடி நீர் (காய்ச்சி வடித்த தூய நீர்) வாங்க நிதி இல்லாத மாதங்களில் ஆழ்துளைக் கிணற்று நீரையே ஆய்வகத்தில் பயன்படுத்தினோம். அந்த மாதங்களில் என் வகுப்பில் எந்த உப்பைக் கொடுத்தாலும் சில மாணவர்கள் குளோரைடு என்று எழுதிக் கொண்டுவந்தார்கள். வெள்ளி நைட்ரேட் சேர்த்தால் தயிர் போன்ற வெண்வீழ்படிவு வருகிறது ஐயா, அது அமோனியம் ஹைட்ராக்சைடில் கரைந்தும் விடுகிறது என்று அவர்கள் சொன்னபோது, கவனக்குறைவு என்று நான் கடிந்துகொண்டேன். ஒரு மாணவன் மட்டும் என் முன்னாலேயே வெறும் தண்ணீரைச் சோதனைக் குழாயில் எடுத்து, சில துளி நைட்ரிக் அமிலத்தையும் வெள்ளி நைட்ரேட்டையும் விட்டான். குழாய் முழுவதும் வெண்மையாக மாறியது. அந்த ஊர்த் தண்ணீரில் கலந்திருந்த உப்பு அப்படித் தன்னைக் காட்டிக்கொண்டது. உண்மையைக் கண்டு எழுதிய பிள்ளைகளைத்தான் நான் கடிந்திருக்கிறேன் என்பது அன்று எனக்குப் புரிந்தது. சால்ட் இன்னதென்று தெரிந்துகொண்டு வந்தவர்கள் அந்த வெண்மையைப் பொருட்படுத்தாமல் சல்பேட் என்று எழுதி மதிப்பெண் பெற்றுப் போயிருந்தார்கள். அதன் பிறகு, உப்பு இல்லாத வெறும் நீரை வைத்து அதே சோதனையைச் செய்து ஒப்பிட்டுப் பார்க்கும் வெற்றுச் சோதனையை என் வகுப்புகளில் கட்டாயமாக்கினேன். ஆய்வுக்கூடங்களில் அன்றாட நடைமுறையாக உள்ள இந்த எளிய ஒழுக்கத்துக்குப் பள்ளிச் செய்முறைப் பதிவேட்டில் ஒரு வரிகூட இல்லாதிருப்பது எனக்கு வருத்தம் தருகிறது.

உப்புப் பகுப்பாய்வையே பாடத்திட்டத்திலிருந்து நீக்கிவிடலாம் என்று சொல்வோரும் உண்டு. ஒரு மாதிரியில் உள்ள தனிமங்களைக் கருவிகளே சில நிமிடங்களில் சொல்லிவிடும் காலம் இது என்பது அவர்கள் கூறும் காரணம். ஆய்வகத் தொழிலைப் பொறுத்தவரை அது உண்மைதான். ஆனால் கருவியின் திரையில் தோன்றும் எண்ணை நம்பலாமா, மாதிரியில் கலந்த நீரிலிருந்து அது வந்திருக்குமா என்று ஐயுறும் பழக்கத்தைக் கருவி கற்றுத் தராது. மேற்சொன்ன மாணவன் கற்றது அதைத்தான். இந்த வாதத்துக்கு இதற்கு மேல் நான் பதில் சொல்ல விரும்பவில்லை.

அவர்கள் கூறும் மற்றொரு காரணத்தை என்னால் அவ்வாறு ஒதுக்க முடியாது. அது நஞ்சு. ஹைட்ரஜன் சல்பைடு உயிரைக் குடிக்கக்கூடிய வாயு. குறைந்த அளவில் அழுகிய முட்டையின் நாற்றத்தால் தன்னை அறிவித்துவிடும் அந்த வாயு, காற்றில் பத்து லட்சத்தில் நூறு பங்கு என்ற அளவை நெருங்கும்போது மூக்கின் உணர்வையே மரத்துப்போகச் செய்துவிடுகிறது. நாற்றம் நின்றுவிட்டது, ஆபத்தும் நீங்கிவிட்டது என்று எண்ணும் நேரமே மிகுந்த ஆபத்தான நேரம். புகைபோக்கிப் பெட்டி இல்லாத அறையில், ஒரே நேரத்தில் ஐம்பது பேர் நிற்க, அந்த வாயுவை உண்டாக்கும் கிப் உபகரணத்தைத் திறந்துவிட்ட நாட்களை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சம் பதறுகிறது. ஈயம், காட்மியம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவற்றின் உப்புகளைப் பதினாறு வயதுப் பிள்ளைகளின் கைகளில் கொடுத்து, வகுப்பு முடிந்ததும் அத்தனையையும் கழுவுதொட்டியில் ஊற்றி, அது ஆய்வகத்தின் பின்புறத் தென்னையடியில் போய்த் தேங்கியதைப் பார்த்துக்கொண்டு நானும் இருந்திருக்கிறேன். என் பணிக்காலத்தின் மிகப் பெரிய தவறு அதுவே என்று இப்போது கருதுகிறேன்.

ஆகவே இந்தச் செய்முறையைக் கைவிடாமல், அதன் பொருட்களை மாற்ற வேண்டும் என்பது என் கோரிக்கை. அதற்கு நாம் தொலைவில் எங்கும் தேட வேண்டியதில்லை. எந்த ஊரிலும் உள்ள நாட்டு மருந்துக் கடையில் படிகாரம், மயில்துத்தம் (தாமிர சல்பேட்), அன்னபேதி (இரும்பு சல்பேட்), நவச்சாரம் (அமோனியம் குளோரைடு), வெடியுப்பு, வெங்காரம், பேதியுப்பு ஆகியவை கிடைக்கும். நம் முன்னோர் பெயரிட்டு, தரம் பிரித்து, மருந்துக்கும் சாயத்துக்கும் பயன்படுத்திய கனிம உப்புகள் இவை. மயில்துத்தமும் வெங்காரமும் வாயில் படக்கூடாதவை, எச்சரிக்கையோடு கையாள வேண்டியவை என்பதை மறக்காமல் சொல்கிறேன். ஆனால் ஈய நைட்ரேட்டையும் ஆர்செனிக் உப்பையும் விட இவை எவ்வளவோ மேல்.

பேதியுப்பு என்பது மக்னீசியம் சல்பேட். அதன் கரைசலில் அமோனியம் ஹைட்ராக்சைடைச் சேர்த்தால் வெண்ணிற வீழ்படிவு தோன்றும். அந்தக் குழாயிலேயே நவச்சாரக் கரைசலைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக் குலுக்கினால் வீழ்படிவு மறைந்து கரைசல் தெளிந்துவிடும். மூன்றாம் தொகுதியில் அமோனியம் குளோரைடு எதற்கு என்ற கேள்விக்கு, ஒரு குழாயில், இரண்டு நிமிடத்தில், கண்ணெதிரே கிடைக்கும் விடை இது. நவச்சாரத்தோடு ஈரச் சுண்ணாம்பைச் சேர்த்துக் குழைத்தால் அமோனியாவின் நெடி எழும். மஞ்சள் பூசிய ஈரத்தாளை அதன்மேல் பிடித்தால் தாள் சிவக்கும். ஆரத்தித் தட்டில் மஞ்சளையும் சுண்ணாம்பையும் சேர்க்கும்போது வரும் அதே சிவப்பு என்பதை வகுப்பில் எவரும் சொல்லித் தராமலே பிள்ளைகள் கண்டுகொள்வதை நான் பலமுறை பார்த்து மகிழ்ந்திருக்கிறேன். அன்னபேதிக் கரைசலில் கடுக்காய்க் கஷாயத்தை விட்டால் கருமையாகும், தாளில் எழுதிய பழைய காலத்து மையின் நிறம் அது. இதைச் சோதனையாகப் பயன்படுத்தும் வழக்கம் மிகத் தொன்மையானது. தாமிரத்தின் பச்சைக் களிம்பில் அன்னபேதியைக் கலப்படம் செய்திருந்தால், மாசிக்காய்ச் சாற்றில் ஊறவைத்த பாப்பிரஸ் தாளில் அதைத் தடவிப் பார்க்க வேண்டும், தாள் கறுத்தால் கலப்படம் என்று கி.பி. முதல் நூற்றாண்டிலேயே உரோமாபுரியின் இயற்கை நூலாசிரியர் பிளினி எழுதிவைத்திருக்கிறார். வினையின் நிறத்தைக் கொண்டு ஒரு பொருளை இன்னதென்று கண்டறியும் முறைக்கு, எழுத்தில் கிடைக்கும் மிகப் பழைய சான்றுகளில் அது ஒன்று.

எல்லாவற்றிலும் சிறந்தது படிகாரம் என்பேன். நீர் தெளியவும், முகம் மழித்தபின் தடவவும் பயன்படும் அந்தக் கட்டியை ஒவ்வொரு மாணவரும் வீட்டில் பார்த்திருப்பார். அதன் கரைசலில் அமோனியம் ஹைட்ராக்சைடை விட்டால் கூழ் போன்ற வெண்வீழ்படிவு வரும், அது அலுமினியம். பேரியம் குளோரைடுடன் அமிலத்தில் கரையாத வெண்வீழ்படிவு வரும், அது சல்பேட். இத்தோடு நிறுத்திவிட்டு அலுமினியம் சல்பேட் என்று எழுதினால் அது அரைகுறையான விடையாகவே இருக்கக்கூடும், ஏனெனில் படிகாரம் இரட்டை உப்பு. அதில் மூன்றாவதாக இருப்பது பொட்டாசியமா, அமோனியமா என்பது அந்தக் கடைக்குச் சரக்கு வந்த இடத்தைப் பொறுத்தது. சோடியம் ஹைட்ராக்சைடுடன் சூடாக்கி அமோனியா வருகிறதா என்று பார்க்க வேண்டும். வராவிட்டால் சுடர் சோதனை செய்து, சோடியத்தின் மஞ்சள் மறைந்துபோகும்படி நீலக் கோபால்ட் கண்ணாடி வழியே நோக்கி, பொட்டாசியத்தின் ஊதா தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால், படிகாரம் என்ற பெயரில் விற்கப்பட்டது வெறும் அலுமினியம் சல்பேட்டாகவும் இருக்கலாம். கடையிலிருந்து வாங்கிவந்த அந்தக் கட்டியைப் பற்றி ஆசிரியருக்கும் முன்கூட்டி விடை தெரியாது, வழிகாட்டி நூல்களிலும் இருக்காது. முதல் நாள் மாலையில் எவரும் எவருக்கும் சொல்லியனுப்பவும் முடியாது. ஆசிரியரும் மாணவரும் ஒரே நேரத்தில் ஒரே குழாயை ஆவலோடு பார்த்து நிற்கும் காட்சியை, இந்தப் படிகாரத்தைக் கொடுத்த வகுப்புகளில்தான் நான் கண்டேன்.

அளவையும் குறைக்கலாம். ஒரு சோதனைக்குப் பத்து மில்லி கரைசல் எடுப்பது வீண். குழிகள் கொண்ட பீங்கான் தட்டில், சொட்டுக் குழாயால் இரண்டு மூன்று சொட்டுகள் விட்டாலே நிறமும் வீழ்படிவும் தெளிவாகத் தெரியும். செலவு குறையும், கழிவு குறையும், வாயுவும் குறையும். தாமிரத்தைக் கண்டறிய ஹைட்ரஜன் சல்பைடு தேவையே இல்லை. அமோனியம் ஹைட்ராக்சைடை மிகுதியாகச் சேர்த்ததும் எழும் ஆழ்ந்த நீலமும், பொட்டாசியம் ஃபெர்ரோசயனைடுடன் வரும் சாக்லேட் பழுப்பும் போதுமான சான்றுகள். அந்த வாயுவும் நச்சு உலோகங்களும் இல்லாமலேயே தாமிரம், இரும்பு, அலுமினியம், துத்தநாகம், கால்சியம், மக்னீசியம், அமோனியம் ஆகிய ஏழு கார உறுப்புகளைக் கொண்டு தொகுதிப் பிரிப்பின் தருக்கம் முழுவதையும் கற்பித்துவிட முடியும் என்பதை என் பணியின் கடைசிப் பத்து ஆண்டுகளில் செய்து பார்த்தே சொல்கிறேன்.

இவை அனைத்தும் மதிப்பெண் வழங்கும் முறை மாறாவிட்டால் பயனற்றுப்போகும். இறுதி விடை சரியாக இருந்தால் நடைமுறையும் சரியாக இருந்திருக்கும் என்று எடுத்துக்கொள்ளும் முறையில், கண்டதை எழுதுபவரைவிடக் கேட்டதை எழுதுபவரே பயனடைகிறார். மாணவர் எழுதிய ஒவ்வொரு காண்பனவும், அவருக்குத் தரப்பட்ட உப்பு உண்மையில் தரக்கூடிய வினையோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்து மதிப்பெண் தரவேண்டும். இந்த உப்பில் ஈயம் இல்லை, இரும்பு இல்லை, கார்பனேட் இல்லை, இதற்கு மேல் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று ஒருவர் சான்றுகளோடு எழுதினால், அதற்கும் கணிசமான மதிப்பெண் உண்டு என்று விதி இருக்க வேண்டும். இல்லாத வீழ்படிவை எழுதியவருக்கு, இறுதி விடை சரியாகவே இருந்தாலும், அந்தப் படிக்கான மதிப்பெண் கூடாது. இது கண்டிப்பாகத் தோன்றலாம். ஆனால் நாளை ஒரு மருத்துவமனை ஆய்வகத்திலோ, குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்திலோ அமரப்போகும் பிள்ளை, குழாயில் தெரியாததைத் தாளில் எழுதக் கற்றுக்கொண்டு போவதை அனுமதிக்க எனக்கு மனம் வரவில்லை.

பள்ளி ஆசிரியர்களைக் குறைகூறுவது என் நோக்கமன்று என்பதையும் இங்கே தெளிவுபடுத்த விரும்புகிறேன். ஐம்பது, அறுபது மாணவர்கள், இரண்டு பாடவேளை, ஆய்வக உதவியாளர் பணியிடம் காலி, தேர்ச்சி விழுக்காடு குறைந்தால் விளக்கம் கேட்டு ஓலை வரும் என்ற நிலையில் நின்றவர்களில் நானும் ஒருவன். உப்பின் பெயரை முதல் நாளே சொல்லிவிடும் ஆசிரியர், பெரும்பாலும் தன் மாணவர்கள்மீது கொண்ட இரக்கத்தினாலேயே அதைச் செய்கிறார். அந்த இரக்கம் தேவைப்படாத ஒரு தேர்வு முறையை அமைத்துத் தருவது மேலுள்ளவர்களின் கடமை.

எனவே மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனமும் அரசுத் தேர்வுகள் இயக்ககமும் மூன்று செயல்களை உடனே செய்ய வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். செய்முறைப் பதிவேட்டில் வெற்றுச் சோதனைக்கு ஒரு பத்தியைச் சேர்க்க வேண்டும். நச்சு உலோக உப்புகளையும் ஹைட்ரஜன் சல்பைடையும் பள்ளி ஆய்வகங்களிலிருந்து முற்றிலும் விலக்கி, அந்த இடத்தில் நாட்டு மருந்துக் கடை உப்புகளைக் கொண்டுவர வேண்டும். புறத்தேர்வாளர்களுக்கு அனுப்பப்படும் மதிப்பீட்டுக் குறிப்பில், கண்டதை எழுதியவருக்கே மதிப்பெண் என்ற ஒரு வரியை இடம்பெறச் செய்ய வேண்டும். மூன்றாவதற்குப் பணச்செலவு எதுவும் இல்லை. வரவிருக்கும் செய்முறைத் தேர்வுக்கு முன்பாகவே அதை ஒரு சுற்றறிக்கையாக அனுப்பிவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் முதுகலை ஆசிரியர்,
இராமநாதபுரம் மாவட்டம்.